விக்கல்

பிரசங்க பீடத்தில் நின்று ஐயர் ஒரு தேங்காயைத் தூக்கிக் காட்டியபோது ரோதைக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அப்புறம் எரிச்சல். மடியிலிருந்த வேதப்புத்தகத்துக்குள் நாலாக மடித்துச் செருகியிருந்த தாளின் விளிம்பு கட்டைவிரலில் பட்டதும் அதுவும் போய்ப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. தேங்காயை ஒரு பக்கம் மட்டும் அரிவாளால் சீவி, உள்ளே சிரட்டை தெரிகிற மாதிரி பக்குவமாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார். “மேலே நார்நாரா இருக்கே கதம்பை, இது சரீரம். உள்ளே சிரட்டை, இது ஆத்துமா. அதுக்கும் உள்ளே, நம்ம கண்ணுக்குத் தெரியாம இருக்கே பருப்பு, அதுதான் ஆவி. மூணும் சேர்ந்தவன்தான் மனுஷன்,” என்றார். ஏலிம்விளைச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், இவர் ஞானதிரவியம் ஐயர், வந்து நாலு வருஷமாகிறது, நல்ல மனிதர் என்று பெயர். பெண்கள் பக்கம் நாலைந்து தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. என்னத்த மூணு! சிரட்டைதான் ஆத்துமா என்றால் துருவி முடித்தபிறகு ஆத்துமாவை அடுப்பில் போட்டு எரிக்கிறோமா? காம்பு செருகி அகப்பையாக்கிக் குழம்பு கிண்டுகிறோமா? பருப்பு ஆவி என்றால் அதைச் சட்னி அரைக்கிறவள் யார்? கடவுள் மண்ணைப் பிசைந்து மூக்கில் ஊதினார், மனுஷன் ஜீவாத்துமாவானான், அவ்வளவுதானே எழுதியிருக்கிறது. ஆத்துமாவைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்துவந்து உள்ளே வைத்தார் என்று எங்கே இருக்கிறது? மனுஷனுக்குள் ஆத்துமா இருக்கிறது என்று அதை எழுதின பழைய எபிரெய ஆட்கள் நினைக்கவேயில்லை, மனுஷனே ஆத்துமா, மூச்சுவிட்டுப் பசித்துத் தாகித்து நடமாடுகிற இந்த முழு ஆள், இதை இதே கோயிலில் ஏப்ரல் மாதம் வாலிபர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னவள் அவள்தான், சொல்லிக் கைதட்டலும் வாங்கினவள், வாங்கியிருக்கவே வேண்டாம், அதை நினைக்காதே, இப்போது நினைக்காதே.

தலைக்கு மேலே மின்விசிறி கடக் கடக்கென்று ஒரே இடத்தில் தட்டித் தட்டிச் சுற்றியது. நவம்பர் முதல் ஞாயிறு. நேற்றே எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் செதுக்கி, சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார்கள். இன்று பிரசங்கம் முடிந்ததும் இந்த வருஷம் நித்திரையடைந்தவர்களின் பெயர்களை ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வாசித்ததும் அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். எழுந்ததும், பின்வாசலில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நிற்கிற கோயில்குட்டியார் வேதமுத்து ஒரு மணி அடிப்பார். முப்பது வருஷமாக மணிக்குக் கீழேயே நின்று அவருக்குக் காது போய்விட்டது. பெயரெல்லாம் அவருக்குக் கேட்காது, யாராவது எழுந்தால் அடிப்பார், அதுதான் அவர் கணக்கு. போன வருஷம் தங்கபாய்ப் பெரியம்மை தவறி விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடி எழுந்தபோது டங்கென்று ஒன்று விழுந்தது. “ஏ வேதமுத்து, நான் இன்னும் சாகலவே!” என்று பெரியம்மை போட்ட சத்தத்தில் துக்க ஆராதனையில் கோயிலே சிரித்தது. இந்த வருஷப் பட்டியல் வாசல் பலகையில் தொங்குகிறது. பதினொரு பெயர். உள்ளே வரும்போது ரோதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். இரண்டாம் தடவை எண்ணும்போதாவது பன்னிரண்டு வந்துவிடாதா என்று எண்ணினாள். பின்னால் வந்த அப்பா அவள் முழங்கையைத் தொட்டு, “இன்னைக்கு ஒருநாள் வாய மூடிக்கிட்டு இரிட்டி,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அது கோபத்தைவிட மோசம்.

வாயை மூடச் சொல்லி வளர்க்க நினைத்தவர் பெயரை வேறு மாதிரி வைத்திருக்கலாமே. ரோதை! கதவைத் தட்டுகிறது யார் என்று ஓடிப்போய்ப் பார்த்து, வெளியே பேதுரு நிற்கிறார் என்று வந்து சொன்ன வேலைக்காரப் பெண். சிறையில் இருக்கிறாரே என்று உள்ளே அவருக்காகத்தான் விடிய விடிய ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவர் வந்து நிற்கிறார் என்று அவள் சொன்னதும் உனக்குப் பைத்தியம் என்றார்கள். இவளுக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் ரோதனை என்றார்கள், மதுரை விடுதியில் வக்கீலம்மா என்கிறார்கள், எம்.ஏ. தத்துவம் படிக்கிறவளுக்கு எதற்கு வக்கீல் பட்டம் என்று கேட்டால் அதற்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டு வரிசைக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் எப்சிபா அக்கா உட்கார்ந்திருக்கிறாள். வெளிர்நீலச் சேலை, பின்னலில் பூ இல்லை, கழுத்துக்குப் பின்னால் தோளெலும்பு இரண்டும் ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிகிறது. ஜூனில் இதே முதுகு எவ்வளவு அகலமாக இருந்தது, வயிற்றின் கனத்துக்குப் பின்னால் சாய்ந்து சாய்ந்து நடப்பாள், அத்தான் கப்பலில் இருந்து போன் போட்டால், “உங்க மக இப்ப மிதிக்கா, நீங்க அங்க இருந்து வாங்கிக்கிடுங்க,” என்பாள். ஒன்பது மாதம் முடிந்து நாலு நாள். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரி. கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள், குழாயை விட்டு உறிஞ்சினாள். வாய் மட்டும் திறந்திருந்தது. அழுகைக்காக எல்லோரும் காத்திருந்தபோது பக்கத்து அறையில் வேறு யாருடைய பிள்ளையோ அழுதது. ஒரு கணம், அரைக் கணம், ரோதை அதை நம்பிவிட்டாள். அந்த அரைக் கணத்தை யார்மேல் எறிவது? பிறகு ஒரு படிவம். உயிரற்ற பிறப்பு என்று அச்சடித்த தலைப்பு, கீழே பெயர் என்ற கட்டத்தில் எழுத்தர் கேட்காமலே ஒரு கோடு போட்டார். அப்பா ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். எப்சிபாவின் வளைகாப்புப் புடவை வந்த பெட்டி. அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர்வரைக்கும் வந்தார், இன்றுவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். உள்ளே இடமில்லை என்று இல்லை. உள்ளே புதைக்க ஐயர் வந்து ஜெபிக்க வேண்டும், ஐயர் ஜெபிக்கப் பெயர் வேண்டும், பெயர் வைக்க ஞானஸ்நானம் வேண்டும், ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை மூச்சு வாங்கியிருக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்கான மதில்! ஒரு கல் ஆடாது.

“இப்ப பருப்ப எடுத்துட்டா சிரட்டை என்னத்துக்கு ஆகும்?” என்று ஐயர் கேட்டார். அவரே பதிலும் சொன்னார், காதில் விழவில்லை. அவருடைய பங்களாவில் போன மாதம் உட்கார்ந்திருந்தது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஐயரம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், முறுக்கு வைத்தார்கள், எல்லாம் அன்பாகத்தான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். ரோதை பட்டியலில் ஒரு பெயர் சேர்க்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே, “மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா வேதத்துக்கு விரோதமா நான் ஒண்ணும் செய்ய முடியாதுலா. நீயே அன்னைக்கு எவ்வளவு அழகா எடுத்துச் சொன்னே. மூக்குல ஊதின பிறகுதான் ஜீவாத்துமா. ஊதாத வரைக்கும் மண்ணு. என் கண்ணையே திறந்துட்டே நீ,” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவள் சொன்னதை நம்பிவிட்டார். அதுதான் தாங்கமுடியவில்லை. ஏப்ரலில் தலைப்பு ‘ஆவியும் ஆத்துமாவும் ஒன்றா, வேறா’. வேறு என்று பேசினவன் பக்கத்து ஊர் உபதேசியார் மகன், பாவம், மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். ரோதை அவனைத் தோசையைப் பிய்ப்பது மாதிரி பிய்த்துவிட்டாள். ஆவி என்பது காற்று, மூச்சு, கடவுளுடையது, கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆத்துமா என்பது அந்த மூச்சு பட்டு உயிரோடு எழுந்த ஆள். மூச்சு இல்லை என்றால் ஆள் இல்லை, ஆள் இல்லை என்றால் ஆத்துமா இல்லை, காற்றில் பறக்கிற ஆத்துமாவெல்லாம் கிரேக்கர்கள் விற்ற சரக்கு, என்று ஒரே மூச்சில். கைதட்டல். முதல் பரிசு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் டப்பா. அதை அப்படியே அக்காவிடம் கொடுத்தாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது கொடுத்தனுப்பு என்று. மூச்சு இல்லை என்றால் ஆள் இல்லை. ஒரு பெண்ணின் வயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதின வாக்கியம் அது. எந்தப் புத்தகத்தைப் புரட்டி எழுதினாயோ அதை எழுதும்போது உன் இடது கை எங்கே இருந்தது? அக்காவின் வயிற்றின்மேல்தான் இருந்தது.

அந்தக் கை. அதை இப்போது பார்த்தாள். ஐயர் பவுலுக்குப் போய்விட்டார், ஆவி ஆத்துமா சரீரம் மூன்றும் குற்றமில்லாமல் காக்கப்படுவதாக என்று பவுல் எழுதியிருக்கிறாரே, மூன்று என்று அவரே எண்ணியிருக்கிறாரே என்றார். எண்ணவில்லை ஐயா, கடிதத்தை முடிக்கிறார். நாம் ‘நீயும் பிள்ளைகளும் வீடும் வாசலும் நல்லாயிருக்கணும்’ என்று எழுதினால் அதை வைத்து யாராவது மனுஷனுக்கு நாலு பாகம் என்று தேங்காய் உடைப்பார்களா? வாள் ஒன்று ஆத்துமாவையும் ஆவியையும் பிரிக்கிற அளவுக்குக் கூர்மை என்று இன்னோர் இடத்தில் வருகிறது, அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறார், சொல்லட்டும், பிரிக்கவே முடியாததையும் பிரிக்கிற வாள் என்பதல்லவா அங்கே பெருமை, சும்மா கையால் பிரிகிற சாமானுக்கு எதற்கு வாள்? மரியாள் பாடினாளே, முதல் வரியில் என் ஆத்துமா என்றாள், அடுத்த வரியில் என் ஆவி என்றாள், ஒரே சந்தோஷத்தை இரண்டு தடவை சொன்னாள், அவளைப் போய் உன்னில் எந்தப் பாகம் பாடியது என்று கேட்பார்களா? சரி. வாதம் பிரமாதம். நீதான் ஜெயித்தாய். ஜெயித்து? ஒன்றாக இருந்தாலும் வேறாக இருந்தாலும் மதில் மதிலாகத்தானே நிற்கிறது. அவர் மூன்று என்கிறார், பருப்பு இல்லாத தேங்காய் என்று வெளியே வைக்கிறார். நீ ஒன்று என்கிறாய், மூச்சு இல்லாத மண் என்று வெளியே வைக்கிறாய். அவர் கெட்டியாகப் பிடித்திருக்கிற பெட்டியின் இன்னொரு முனையை நீதான் பிடித்திருக்கிறாய். இதை அக்கா கேட்டாள். ஜூலையில், மத்தியான நேரம், பால் கட்டிக்கொண்டு மார்பில் முட்டைக்கோஸ் இலை வைத்துப் படுத்திருந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ஏட்டி, நீ படிச்சவ. அவளுக்கு ஆத்துமா இருந்துதா, இல்லியா? எனக்கு விளக்கமெல்லாம் வேண்டாம். ஒத்த வார்த்தைல சொல்லு.” ரோதை என்ன சொன்னாள்? அது எந்தக் காலத்து அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அக்கா, என்றாள். எபிரெயர்கள் ஒருவிதமாக, கிரேக்கர்கள் ஒருவிதமாக, என்று ஆரம்பித்தாள். எப்சிபா அவளை ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் பூச்சி மருந்து இருந்திருந்தால் ரோதை தன் நாக்கில் தடவியிருப்பாள்.

அந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் அக்கா பெயரைச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை. “அடுத்தது தங்கும், அதுக்கு வை நல்ல பேரா,” என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? எல்லோரும் யோபுவைத்தான் காட்டினார்கள். பத்துப் பிள்ளையையும் இழந்தானே, கர்த்தர் திரும்பப் பத்தும் கொடுத்தாரே. யோபு கதையைப் படித்தவர்கள் யாருக்காவது அந்த முதல் பத்துப் பேரின் பெயர் தெரியுமா? எழுதவே இல்லை. வீடு இடிந்து செத்துப்போனார்கள், அவ்வளவுதான். பின்னால் பிறந்த பெண்கள் மூன்று பேருக்கு மட்டும் பெயர், அழகிகள் என்று பட்டம் வேறு. இதை ரோதை கொதித்துக்கொண்டு சொன்னபோது எப்சிபா முதல் தடவையாகச் சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தாள். “அந்த மூணு பேர்ல மூத்தவ பேரு நல்லாத்தான் இருக்கு. நான் முன்னால போனவளுக்கே வச்சிட்டேன். பின்னால ஒண்ணு வந்தா அதுக்கு வேற பாத்துக்கிடுவேன். கோயில்ல பேரு வாசிக்கிற அன்னைக்கு அந்த பேர மட்டும் வாசிச்சா போதும்ட்டி. வேற ஒண்ணும் கேக்கல,” என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சிலுவை கேட்கவில்லை, மதிலை இடிக்கச் சொல்லவில்லை. ஒரு பெயர், ஒரு மணி. அதற்கு ரோதை ஏழு காரணங்கள் எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள். ஐயர் வாசித்து முடித்ததும் எழுந்து ஏழையும் வரிசையாகச் சொல்லப்போகிறாள். முதலாவது, எலிசபெத்தின் வயிற்றிலிருந்த பிள்ளை மரியாளின் குரலைக் கேட்டுத் துள்ளியதே, மண்ணா துள்ளியது? இரண்டாவது, ஜீவன் இரத்தத்தில் இருக்கிறது என்று ஆடுமாட்டுக்கே சொல்லியிருக்கும்போது, ஒன்பது மாதம் தாயின் இரத்தத்தில் ஓடினவளுக்கு. மூன்றாவது. மூன்றாவது என்ன? தாளைப் பிரிக்காமல் ஞாபகம் வரவில்லை. நான்காவது எலியா ஜெபித்து உயிரோடு தூக்கிவந்த விதவையின் பையன். ஏழும் நல்ல காரணங்கள். ஏழுக்கும் பதில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும், எதிராளி ரோதையாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஏழையும் பிய்த்துவிடுவாள். துள்ளினது பரிசுத்த ஆவியால் துள்ளினது, அது தனி அற்புதம், எல்லா வயிற்றுக்கும் சேராது என்பாள். பிய்க்கமுடியாதது ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று.

“ஜீவனுள்ள பருப்பு!” என்று ஐயர் மேசைமேல் தேங்காயை வைத்தார். அது உருண்டது, உபதேசியார் பாய்ந்து பிடித்தார். விசிறி கடக் கடக். கடக். கடக். ஒரே இடைவெளியில், ஒரே இடத்தில். இந்தத் தட்டு எங்கேயோ. ரோதையின் இடது உள்ளங்கை அவளுக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தது. மார்ச் மாதம், வெயில், எழுதிக்கொண்டிருந்தவளின் கையை எடுத்து எப்சிபா வயிற்றின் கீழ்ப்பக்கம் அழுத்தி, “இந்தா, பிடி, வந்துட்டு பாரு,” என்றாள். மிதி இல்லை. மிதி திடீரென்று ஒரு பக்கம் முட்டும், போய்விடும். இது சின்னதாக, ஒரே இடத்தில், எண்ணி எண்ணி வந்தது. டொக். டொக். டொக். “என்னதுக்கா இது?” “விக்கல்ட்டி! உன் அக்கா மகளுக்கு விக்கல். தெனமும் காப்பி குடிச்சதும் வந்துரும் அவளுக்கு. நான் என்ன செய்ய, உள்ளே தண்ணி கொடுக்கவா முடியும்?” சிரித்துச் சிரித்து வயிறு குலுங்கிற்று, குலுங்கலுக்கு நடுவிலும் அது பாட்டுக்கு அதன் தாளத்தில் டொக், டொக். “யாரோ நினைக்காவ போல. யாருன்னு பேர் சொல்லு, நிக்குதான்னு பாப்போம்,” என்றாள். அத்தான் பெயரைச் சொன்னார்கள், நிற்கவில்லை. அப்பா பெயர், நிற்கவில்லை. ஐயர் பெயரைக்கூடச் சொன்னார்கள். ரோதை என்றதும் நின்றது, அல்லது அது நிற்கிற நேரம் வந்திருந்தது, எப்சிபா கையைத் தட்டி, “கள்ளி, சித்தி நினைச்சிருக்கா!” என்றாள். அந்தக் கையால்தானே உடனே பேனாவை எடுத்து மூச்சு இல்லை என்றால் ஆள் இல்லை என்று எழுதினாய். விக்கல் எங்கே வருகிறது, முட்டாளே? எத்தனை புத்தகத்தில் படித்தாய், அந்தப் பழைய ஆட்கள் ஆத்துமா என்று சொன்னபோது முதலில் கையை வைத்த இடம் தொண்டை என்று, பசிக்கிற தொண்டை, வறண்டு தாகத்தில் ஏங்குகிற தொண்டை, வெள்ளம் ஆத்துமாமட்டும் வந்துவிட்டது என்று ஒருவன் கதறினால் கழுத்துவரைக்கும் வந்துவிட்டது என்று கதறுகிறான் என்று. காற்று வெளியிலிருந்து வருகிறது, ஆவி கொடுத்தவருடையது, அது வரவில்லை, சரி, வராதது அவள் குற்றமில்லை, அதை அனுப்பாதவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாங்குவதற்குத் தயாராக ஒரு தொண்டை இருந்தது. தினமும் காப்பி நேரத்துக்கு அது பழகிப் பார்த்தது. எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று தட்டியது. வேண்டும் என்கிறது மண் இல்லை. எந்த மண்ணுக்கு விக்கல் வரும்? அதைப் பிடித்துப் பார்த்த சாட்சி யார்? புத்தகம் இல்லை, இந்தக் கை. கதவை யாரோ தட்டினார்கள், இவள் கேட்டாள், கேட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டுரை எழுதினாள்.

பிரசங்கம் முடிந்திருந்தது. எப்போது முடிந்தது என்று தெரியவில்லை, எல்லோரும் புத்தகங்களை மூடுகிற சத்தம் கேட்டது. ஐயர் தாளை எடுத்து மைக்கைச் சரிசெய்தார். பொன்னையா தேவசகாயம். மூன்று பேர் எழுந்தார்கள், மணி விழுந்தது. எலிசா அம்மாள். மணி. ஸ்டீபன் ராஜமணி, வயது இருபத்தாறு, பைக் விபத்து, அவன் அம்மா எழுந்தவள் உட்கார மறந்து நின்றாள், யாரோ சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். மணி. மணி. ஒவ்வொன்றும் ஓட்டுக் கூரையில் ஏறி இறங்கி அடங்குகிறவரைக்கும் ஐயர் காத்திருந்து அடுத்ததை வாசித்தார், அந்த நிதானம் நன்றாக இருந்தது, அவர் நன்றாகத்தான் வாசிக்கிறார், ஒரு பெயரைக் கூடத் தள்ளி வாசிக்கவில்லை, இவ்வளவு கவனமாக வாசிக்கிற வாய்க்கு இன்னும் ஒன்று என்ன பாரம்? ஒன்பது. பத்து. செல்வபாய் ஆரோன், பதினொன்று. மணி எழுந்து, ஆடி, அடங்கியது. ஐயர் தாளை மடித்தார். இப்போது எழ வேண்டும். ரோதை வேதப்புத்தகத்திலிருந்து தன் தாளை எடுத்தாள். எழு. ஆண்கள் பக்கம் அப்பாவின் நரைத்த பின்னந்தலை தெரிந்தது, குனிந்திருந்தது. எழுந்தால் நாளைக்கு அம்மா கடைக்குப் போகமுடியாது. எழுந்தால், பாத்தியா, அக்கா துக்கத்திலும் இவளுக்குப் பேசிக் காட்டணும் என்பார்கள். அது பொய்யா? ஏழு காரணங்களையும் எழுதும்போது, ஐந்தாவதை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு, நல்லா விழுந்திருக்கு என்று நினைத்தாயே, அது துக்கமா? மேடைமேடையாக ஏறினவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தாள். ஐயர், “ஜெபம் பண்ணுவோம்,” என்றார்.

எப்சிபா எழுந்து நின்றாள். புத்தகம் எதுவும் கையில் இல்லை. வெளிர்நீல முதுகு, தோளெலும்பு இரண்டு, அவ்வளவுதான். பின்வாசலில் வேதமுத்துவுக்கு ஆள் எழுந்தது தெரிந்தது, ஜெபம் என்று சொன்னது கேட்கவில்லை. கயிற்றை இழுத்தார். மணி விழுந்தது. பெண்கள் பக்கத்தில் போன வருஷத்து நினைப்பில் ஒரு சிரிப்பு கிளம்பி, யார் நிற்கிறாள் என்று பார்த்ததும் அங்கேயே செத்தது. ஐயர் கண்ணைத் திறந்தார். “உக்காரும்மா எப்சி. அவரு தெரியாம அடிச்சிட்டாரு,” என்றார் மெதுவாக, மைக்கில் அது மெதுவாக இல்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். எப்சிபா உட்காரவில்லை. அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. திறந்தபடியே இருந்தது, காற்றுக்காக, ரோதை இந்த வாயை ஜூனில் பார்த்திருக்கிறாள், வேறொரு சின்ன முகத்தில். எப்போது எழுந்தாள் என்று ரோதைக்குத் தெரியாது. தனக்கு ஒரு மணி விழுந்தபோதுதான் தான் நிற்பது தெரிந்தது, தாள் காலடியில் கிடந்தது. “யாருக்கும்மா இது?” என்று ஐயர் கேட்டார். முதலாவது, என்று ஆரம்பிக்க வேண்டும். தொண்டையில் ஏதோ ஒன்று எகிறி அடைத்தது, விக்கல் மாதிரி, ஒருமுறை, இன்னொருமுறை. “எமீமாள்,” என்றாள். “எப்சிபா மக. எமீமாள்.” விசிறி தட்டியது. “ரோதை, நாம இதப் பேசியாச்சேம்மா. வேதப்படி ஆத்துமாங்கிறது…” என்றார் ஐயர். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது, நல்ல பதில், அவரை அங்கேயே உட்காரவைக்கிற பதில். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதை விழுங்கினாள். எப்சிபா திரும்பி அவளைப் பார்த்தாள், ஜூலை மாதத்துப் பார்வை, அதே கேள்வி. “இருந்துதுக்கா,” என்றாள் ரோதை. அக்காவின் முகத்தில் மூச்சு வந்தது. ஐயர் மடித்த தாளைப் பிரித்தார், மடித்தார், என்ன செய்வதென்று தெரியாமல் ஆண்கள் பக்கம் பார்த்தார், அங்கே அப்பா முன்பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்து, மடியில் இன்னும் அந்தப் பெட்டியை வைத்திருப்பவர் மாதிரி மெல்ல, மிகவும் மெல்ல எழுந்துகொண்டிருந்தார், வேதமுத்து கயிற்றை இழுத்தார்.